ஓயெஸ் ஒலிப்பதிவுச் சேவை: அரிசோனா குடியேற்றச் சட்ட வழக்கை முன்வைத்து ஒரு மதிப்பீடு

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்த வாய்மொழி வாதங்களை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிக் கேட்கும்படி தொகுத்து வைத்திருக்கும் இணையச் சேவை ஓயெஸ். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த ஜெர்ரி கோல்ட்மேன் 1990-களில் தொடங்கிய இந்தத் திட்டத்தை, இப்போது கார்னெல் சட்டக் கல்லூரியின் சட்டத் தகவல் நிறுவனம், சிகாகோ-கென்ட் சட்டக் கல்லூரி, ஜஸ்டியா நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து நடத்துகின்றன. நீதிமன்ற அரங்கில் 1955-ல் ஒலிப்பதிவுக் கருவி பொருத்தப்பட்ட காலம் தொட்டு நடந்த வாதங்கள் இங்கே இருக்கின்றன. இத்தனை பெரிய தொகுப்பைப் பொதுவாகப் பாராட்டி விட்டுவிடுவதில் யாருக்கும் பயன் இல்லை. ஆகவே, ஒரே வழக்கை எடுத்துக்கொண்டு, அந்த வழக்கைப் புரிந்துகொள்ள இச்சேவை எவ்வளவு தூரம் உதவுகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று பார்க்க விரும்புகிறேன். நான் எடுத்துக்கொண்டது, அரிசோனா மாநிலத்தின் குடியேற்றச் சட்டத்தை எதிர்த்து அமெரிக்க அரசே தொடுத்து, 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு.

வழக்கின் பின்னணியைச் சொல்லாமல் சேவையின் நிறைகுறைகளைச் சொல்ல முடியாது. 2010 ஏப்ரல் 23 அன்று அரிசோனா ஆளுநர் ஜான் புரூவர் கையெழுத்திட்ட எஸ்.பி. 1070 (செனட் மசோதா 1070) என்னும் சட்டம், அனுமதியின்றி நாட்டில் இருப்பவர்களைப் பிடிக்க மாநிலப் போலீஸாருக்கு வழிசெய்தது; மாநில செனட்டர் ரஸ்ஸல் பியர்ஸ் முன்னின்று கொண்டுவந்தது. எல்லையைக் காக்கும் கடமையில் வாஷிங்டன் தவறிவிட்டது, அந்தச் சுமையை நாங்கள் சுமக்கிறோம் என்பது ஆதரவாளர்களின் வாதம். தோலின் நிறத்தைப் பார்த்தே போலீஸார் வழிமறிப்பார்கள், குடிமக்களும் அதில் சிக்குவார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் அச்சம். கையெழுத்தான ஒரு வாரத்துக்குள்ளேயே சட்டமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. போலீஸாருக்கு ஒருவருடன் 'சட்டபூர்வமான தொடர்பு' ஏற்பட்டாலே விசாரிக்கலாம் என்று இருந்த சொற்கள், சட்டபூர்வமாக நிறுத்திய, தடுத்து வைத்த அல்லது கைது செய்த நிலையில் மட்டுமே என்று குறுக்கப்பட்டன. அந்த ஒரு மாற்றமே, சட்டத்தை எழுதியவர்கள் எவ்வளவு அகலமாக வலை விரித்திருந்தார்கள் என்பதைக் காட்டிவிடும்.

குடியேற்றத்தில் கூட்டாட்சிச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் செல்லாது என்ற வாதத்தோடு, 2010 ஜூலை 6 அன்று அமெரிக்க நீதித் துறை அரிசோனாவின் தலைநகர் ஃபீனிக்ஸில் வழக்குத் தொடுத்தது. சட்டம் நடைமுறைக்கு வரவேண்டிய நாளுக்கு முந்தைய நாளான ஜூலை 28 அன்று, மாவட்ட நீதிபதி சூசன் போல்டன் நான்கு பிரிவுகளுக்குத் தடை விதித்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. வழக்கு அங்கிருந்துதான் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஓயெஸின் கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வழக்கின் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது, வழக்கின் விவரங்கள், தீர்க்கவேண்டிய கேள்வி, முடிவு என்று மூன்று பகுதிகளாகப் பிரித்த சுருக்கம். சட்டம் படிக்காதவருக்கும் புரியும் எளிய ஆங்கிலத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. நீதிபதிகள் எப்படிப் பிரிந்து நின்றார்கள் என்பதை அவர்களின் படங்களோடு காட்டும் பகுதி இதைவிடப் பயனுள்ளது. நீதிபதி எலெனா கேகன் இந்த வழக்கில் பங்கேற்கவில்லை என்பதால்தான் ஒன்பது பேர் கொண்ட நீதிமன்றத்தில் வாக்கு 5-க்கு 3 என்று அமைந்தது என்பது, தீர்ப்பின் ஒரு வரியையும் படிக்கும் முன்னரே தெரிந்துவிடுகிறது. தீர்ப்பின் முழு உரையைப் படிக்க விரும்புவோருக்கு ஜஸ்டியாவுக்குச் செல்லும் இணைப்பும் உண்டு.

சேவையின் உண்மையான பெருமை ஒலிப்பதிவில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தளத்திலும் ஒலிக்கோப்பும் எழுத்துப்படியும் கிடைக்கின்றன. ஆனால் அங்கே இரண்டும் தனித்தனியாக இருப்பதால், ஒன்றைக் கேட்டுக்கொண்டே மற்றொன்றில் இடம் தேடவேண்டும். ஓயெஸில் பேச்சு நகர நகர எழுத்துப்படியும் கூடவே நகர்கிறது, பேசுபவர் யார் என்பதைப் படத்தோடும் பெயரோடும் காட்டுகிறது, எழுத்துப்படியின் எந்த வரியைத் தொட்டாலும் ஒலி அந்த வரிக்குப் போய்விடுகிறது. அமெரிக்க உச்சரிப்புக்குப் பழகாத காதுகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கேட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். வழக்கறிஞர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று நீதிபதிகள் குறுக்கிடும் அரங்கில், குரலை மட்டும் வைத்து இன்னார் என்று பிரித்தறிய நம்மால் முடியாது.

2012 ஏப்ரல் 25 அன்று நடந்த அந்த வாதத்தை ஒரே மூச்சில் கேட்கவேண்டும் என்பது என் பரிந்துரை. அரிசோனாவுக்காக வந்தவர் பால் கிளெமென்ட், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சியில் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். அமெரிக்க அரசுக்காக வந்தவர் அப்போதைய சொலிசிட்டர் ஜெனரல் டொனால்ட் வெரில்லி. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்காக ஒரு மாதத்துக்கு முன்புதான் இதே இருவரும் இதே அரங்கில் மோதியிருந்தார்கள். சட்டவிரோதக் குடியேற்றத்தின் செலவில் தன் பங்குக்கு மீறிய பகுதியை அரிசோனா சுமக்கிறது என்ற வாக்கியத்தோடு கிளெமென்ட் தொடங்குகிறார். கூட்டாட்சிச் சட்டத்தின் அளவுகோல்களையே அரிசோனா தனதாக எடுத்துக்கொண்டது, எனவே முரண்பாட்டுக்கு இடமில்லை என்பதே அவருடைய வாதத்தின் அச்சாணி.

வெரில்லி எழுந்து நிற்கும் இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் வாதத்தைத் தொடங்கும் முன்பே தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் குறுக்கிட்டு, இந்த வழக்கு எதைப் பற்றியது என்று பேசும் முன், எதைப் பற்றியது அல்ல என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புவதாகச் சொல்கிறார். உங்கள் வாதத்தின் எந்தப் பகுதியும் இனம் பார்த்து வழிமறிப்பதைப் பற்றியது அல்லவே என்று கேட்கிறார். ஆம், சரிதான் என்கிறார் வெரில்லி. ஈராண்டுகளாகத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் எதற்காக ஊர்வலம் போனார்களோ, அந்தக் கேள்வி சில நொடிகளில் அரங்கைவிட்டு வெளியே போய்விடுகிறது. அதை ஒப்புக்கொள்ளும் குரலில் தயக்கம் தெரிகிறதா, அவசரம் தெரிகிறதா என்று ஒவ்வொருவரும் தம் காதால் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். ஒரு நாளிதழ்ச் செய்தியால் இதைத் தர முடியாது என்பதனாலேயே ஓயெஸ் எனக்கு இன்றியமையாததாகத் தோன்றுகிறது.

அதன்பின் நடப்பது வெரில்லிக்குக் கடினமான நேரம். கூட்டாட்சி அரசுக்கு இங்கே சட்டவிரோதமாக இருப்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளவே விருப்பமில்லை போலத் தோன்றுகிறதே என்கிறார் ராபர்ட்ஸ். வெளியுறவுக்குப் பாதிப்பு என்று வெரில்லி சொல்லப்போக, மெக்சிகோவுக்குப் பிடித்த விதத்தில்தான் நம் சட்டங்களை நிறைவேற்ற வேண்டுமா என்று கேட்கிறார் ஆன்டனின் ஸ்காலியா. அரசின் பக்கம் சாய்வார் என்று எதிர்பார்க்கப்பட்ட சோனியா சோட்டோமேயரே, உங்கள் வாதம் இங்கே எடுபடவில்லை என்பதை நீங்களே பார்க்கிறீர்கள், வேறு ஏதாவது சொல்லிப் பாருங்கள் என்ற பொருளில் பேசுகிறார். இதைக் கேட்டு முடிக்கும் எவரும் அரிசோனா முழுமையாக வென்றிருக்கும் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு மாதங்கள் கழித்து, ஜூன் 25 அன்று வந்த தீர்ப்பில் நான்கு பிரிவுகளில் மூன்று வீழ்ந்தன. வாதத்தின் தொனியை வைத்து முடிவைக் கணிக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஒலிப்பதிவை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுவோருக்கு நான் தரும் எச்சரிக்கையும் இதுவே.

சுருக்கப் பகுதியின் குறை தெரிவது தீர்ப்பைப் படிக்கும்போதுதான். எந்தப் பிரிவு விழுந்தது, எது நின்றது என்று அது சரியாகச் சொல்கிறது. ஏன் என்பதை ஓரிரு வாக்கியங்களில் கடந்துவிடுகிறது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஆன்டனி கென்னடி ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு வேறு தர்க்கத்தைப் பயன்படுத்துகிறார். பதிவு ஆவணத்தைக் கையோடு வைத்திருக்கத் தவறுவதை மாநிலக் குற்றமாக்கிய 3-ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். 18 வயதைக் கடந்த ஒவ்வொரு வெளிநாட்டவரும் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. அதையே மாநிலமும் சொன்னால் என்ன தவறு? கூட்டாட்சிச் சட்டம் இந்தத் தவற்றுக்கு நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவதையும் ஒரு தண்டனையாக அனுமதிக்கிறது, அரிசோனாச் சட்டமோ அந்த வழியை அடைத்துவிட்டது என்று கென்னடி காட்டுகிறார். பென்சில்வேனியா மாநிலத்தின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டத்தை 1941-ல் வீழ்த்திய ஹைன்ஸ் எதிர் டேவிடோவிட்ஸ் தீர்ப்பின் வழியில், பதிவு என்னும் துறை முழுவதும் கூட்டாட்சி அரசுக்கே உரியது, துணைக்குக்கூட மாநிலச் சட்டம் அங்கே நுழையக்கூடாது என்கிறார். பழைமைவாதியாக அறியப்பட்ட சாமுவேல் அலிட்டோவும், வீழ்ந்த மூன்று பிரிவுகளில் இந்த ஒன்றில் மட்டும் பெரும்பான்மையோடு உடன்பட்டார்.

இந்தப் பிரிவை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர் நகரில் இன்டெல் போன்ற நிறுவனங்களை நம்பி எச்-1பி வேலை விசாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுக்கு ஐ-94 என்னும் வருகைப் பதிவுப் படிவமும் கிரீன் கார்டும் எடுத்துப் பூட்டி வைக்கும் காகிதங்கள். கடைக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்லும் வழக்கம் பெரும்பாலோருக்கு இல்லை. கூட்டாட்சி அரசின் அனுமதியோடு தங்கியிருப்பவர்களுக்குப் பொருந்தாது என்று 3-ஆம் பிரிவிலேயே விலக்கு இருந்தது; ஆனால் ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் முறையான விசாவோடு இருப்பவர்களுக்கும் பொருந்தும். ஆவணமற்றவர்களின் விவகாரம் நம்மைத் தொடாது என்று எண்ணுவோர் தீர்ப்பின் இந்தப் பகுதியையாவது படிக்கவேண்டும்.

வேலை அனுமதி இல்லாதவர் வேலை தேடுவதையே குற்றமாக்கிய 5(சி) பிரிவு வேறொரு காரணத்துக்காக விழுந்தது. 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வேலை கொடுப்பவர்மீது தண்டனை விதித்தது. வேலை செய்பவரைக் குற்றவாளியாக்க வேண்டாம் என்பது யோசித்து எடுத்த முடிவு. அந்த முடிவுக்குக் குறுக்கே மாநிலம் நிற்க முடியாது என்றார் கென்னடி. பிடியாணை இன்றிக் கைது செய்ய இடமளித்த 6-ஆம் பிரிவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கூட்டாட்சி அதிகாரிகளுக்கே இல்லாத அதிகாரத்தை மாநிலப் போலீஸாருக்குக் கொடுத்ததால் அது நிற்கவில்லை.

நின்றது 2(பி). ஏதேனும் ஒரு காரணத்துக்காக நிறுத்தப்பட்டவர் சட்டவிரோதமாக நாட்டில் இருக்கிறார் என்ற நியாயமான சந்தேகம் எழுந்தால், போலீஸார் அவருடைய குடியேற்ற நிலையை விசாரிக்க வேண்டும் என்ற பிரிவு அது. மாநில நீதிமன்றங்கள் அதற்குப் பொருள் சொல்லும் முன் முரண்பாடு இருப்பதாக முடிவுகட்ட முடியாது, நடைமுறைக்கு வந்தபின் வேறு காரணங்களால் எதிர்க்கும் வழி அடைபடவில்லை என்று கென்னடி கதவைத் திறந்தே வைத்தார். சட்டபூர்வமாக இருப்பதற்குச் சான்று கேட்டபின்பே உரிமம் வழங்கும் மாநிலங்களின் ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும் என்று 2(பி) சொல்கிறது. அப்போது அப்படிச் சான்று கேட்காத நியூ மெக்சிகோ மாநிலத்தின் உரிமத்தோடு வந்தவரின் கதி என்ன என்ற கேள்வியின் கனம் இங்கேதான் புரியும்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஸ்காலியா, இப்படி ஒரு விதியை அரசியலமைப்பில் எழுதியிருந்தால் அதை வரைந்த மாநாட்டுப் பிரதிநிதிகள் அன்றே அரங்கைவிட்டு வெளியேற விரைந்திருப்பார்கள் என்று எழுதினார். அவருடைய கோபத்துக்கு ஓர் அடிப்படை இருக்கத்தான் செய்கிறது. நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 17-ஆம் பதிவு குடியுரிமையையும் வெளிநாட்டவரையும், 19-ஆம் பதிவு நாட்டுக்குள் அனுமதிப்பதையும் வெளியேற்றுவதையும் டெல்லிக்கென்று தெளிவாக ஒதுக்கிவிட்டன. அமெரிக்க அரசியலமைப்பில் குடியுரிமை வழங்குவதற்கு ஒரே சீரான விதி வகுக்கும் அதிகாரம்தான் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. மற்றவை நீதிமன்றங்கள் காலப்போக்கில் வருவித்துக்கொண்டவை. சண்டைக்கு அங்கே இடம் இருப்பது அதனால்தான். ஆனாலும் என் சார்பு கென்னடியின் பக்கமே. ஐம்பது மாநிலங்கள் ஐம்பது விதமாக ஒரு வெளிநாட்டவரைக் குற்றவாளியாக்கும் நிலையில் எந்தக் குடும்பமும் நிம்மதியாக எல்லை தாண்டி அடுத்த மாநிலத்துக்குக் கார் ஓட்டிச் செல்ல முடியாது.

இனி ஓயெஸ் கைவிடும் இடம். இது உச்ச நீதிமன்றத்தை மட்டுமே காட்டும் சேவை. அதற்குக் கீழே நடந்ததும் அதற்குப் பின்னால் நடந்ததும் இங்கே இல்லை. பல வழக்குகளில் இது சிறு குறை. இந்த வழக்கில் பெருங்குறை. ஏனென்றால் ராபர்ட்ஸ் வெளியே அனுப்பிய அந்தக் கேள்வி வேறோர் அரங்கில்தான் விசாரிக்கப்பட்டது.

சாண்ட்லரில் 1997 ஜூலையில் நகரப் போலீஸாரும் கூட்டாட்சி எல்லைக் காவல் படையினரும் சேர்ந்து ஐந்து நாட்கள் தேடுதல் நடத்தி 400-க்கும் மேற்பட்டோரைப் பிடித்தார்கள். மெக்சிக வம்சாவளிக் குடிமக்களையும் தெருவிலும் கடை வாசலிலும் நிறுத்தி ஆவணம் கேட்டார்கள். தோலின் நிறமே காரணமாக மக்கள் நிறுத்தப்பட்டார்கள் என்று மாநில அட்டர்னி ஜெனரலின் அறிக்கையே பின்னர் குறை கூறியது. 2010-ல் ஊர்வலம் போனவர்களின் அச்சத்துக்கு இப்படி ஒரு முன்கதை இருந்தது. ஃபீனிக்ஸ் அடங்கிய மேரிக்கோபா மாவட்டத்தின் ஷெரிஃப் ஜோ அர்பாயோவின் துறையினர் லத்தீன் வம்சாவளியினரைக் குறிவைத்து வழிமறிப்பதாக 2007-ல் தொடுக்கப்பட்ட மெலென்ட்ரெஸ் வழக்கின் விசாரணை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே ஃபீனிக்ஸில் தொடங்கியது. 2013 மே மாதம் நீதிபதி முரே ஸ்னோ, அந்தத் துறை இனம் பார்த்து நடந்துகொண்டு அரசியலமைப்பை மீறியது என்று தீர்ப்பளித்தார். நீதிமன்ற ஆணையை மீறியதற்காக அர்பாயோ 2017-ல் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டு, அடுத்த மாதமே அதிபர் டிரம்பின் மன்னிப்பைப் பெற்றார். அரிசோனா வழக்கின் பக்கத்தை முழுவதும் படித்து, வாதம் முழுவதையும் கேட்டு முடிப்பவருக்கு இவற்றில் ஒன்றும் தெரிய வராது. தொடர்புடைய கீழ்நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இரண்டு இணைப்புகள் கொடுத்திருந்தாலே இந்தக் குறை பாதி தீர்ந்திருக்கும்.

சட்டத்தின் முடிவுரையும் அங்கே இல்லை. பியர்ஸ் 2011 நவம்பரில் தம் தொகுதி மக்களாலேயே திரும்ப அழைக்கப்பட்டுப் பதவி இழந்தார். 2(பி) 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. உரிமை அமைப்புகள் தொடர்ந்து நடத்திய இன்னொரு வழக்கில் 2016-ல் அரிசோனா அரசு சமரசத்துக்கு உடன்பட்டது. அதன்படி, குடியேற்ற நிலையை விசாரிப்பதற்காக மட்டும் ஒருவரைத் தடுத்து வைக்கவோ, நிறுத்திய நேரத்தை நீட்டிக்கவோ கூடாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் போலீஸாருக்கு விளக்கம் வெளியிட்டார். வழக்குச் செலவாக மாநிலம் 14 லட்சம் டாலர் கொடுத்தது. வழக்கில் தாக்கலான மனுக்களையும் மூன்றாம் தரப்பினரின் எழுத்து வாதங்களையும் தேடுவோர் ஸ்காட்டஸ்பிளாக் தளத்தில் இந்த வழக்கின் பக்கத்தைப் பார்க்கலாம். அவ்வகையில் அது ஓயெஸைவிட விரிவானது.

இந்தக் குறைகளோடும் இச்சேவையை நான் முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். சட்ட மாணவர்கள் அவசியம் பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவில் விசாவில் வாழும் நம்மவர்களுக்கு இன்னும் அவசியம். ஏனெனில் இந்தச் சண்டை 2012-ல் முடியவில்லை. சட்டவிரோதமாக எல்லை தாண்டுவதை மாநிலக் குற்றமாக்கும் எஸ்.பி. 4 சட்டத்தில் டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபட் 2023 டிசம்பரில் கையெழுத்திட்டார். அதற்கு 2024 பிப்ரவரியில் தடை விதித்த நீதிபதி டேவிட் எஸ்ரா, இதே அரிசோனாத் தீர்ப்பையே ஆதாரமாகக் கொண்டார். மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் அச்சட்டத்துக்கு வழிவிட்டது. சில மணி நேரத்துக்குள் ஐந்தாம் வட்டார நீதிமன்றம் மீண்டும் நிறுத்தி வைத்தது. அரிசோனா வாக்காளர்களோ, இதேபோல் எல்லை தாண்டுவதை மாநிலக் குற்றமாக்கும் 314-ஆம் முன்மொழிவை அதே ஆண்டு நவம்பரில் ஏற்றார்கள். டெக்சாஸ் சட்டமோ அதையொத்த வேறொன்றோ தொடர்ந்து 60 நாட்கள் நடைமுறையில் இருந்தால்தான் அதன் எல்லைப் பிரிவு உயிர்பெறும்.

பயன்படுத்தத் தொடங்குவோர் முதலில் அரிசோனா வாதத்தைக் கேட்டு, அதன்பின் 2010 டிசம்பர் 8 அன்று நடந்த சேம்பர் ஆஃப் காமர்ஸ் எதிர் வைட்டிங் வாதத்துக்குச் செல்லலாம். அனுமதியற்றோருக்கு வேலை கொடுக்கும் நிறுவனங்களின் உரிமத்தைப் பறிக்கும் அரிசோனாவின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அதில் 5-க்கு 3 என்று நிலைத்தது. மாநிலம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்ற கோடு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெளிவாகும். அடுத்து பிளைலர் எதிர் டோ. ஆவணமற்ற குழந்தைகளுக்குப் பள்ளியில் இடம் மறுக்க வழிசெய்த டெக்சாஸ் சட்டத்தை 1982-ல் 5-க்கு 4 என்று வீழ்த்திய வழக்கு அது. அந்தத் தீர்ப்பை மீண்டும் சோதிக்கும் நோக்கத்தோடு டென்னசி செனட் 2025-ல் ஒரு மசோதாவை நிறைவேற்றியிருப்பதால், அந்தப் பழைய வாதத்தைக் கேட்க இதுவே தக்க நேரம்.